கறவை வற்றிய பசுவும் எமது கணக்கும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு மாட்டு நோய் ஒன்றைப் பற்றி எழுதப் போகின்றேன் என்று கூறியபோது நண்பர்கள் சிரித்தனர். ஆநிரை கவர்தல் பற்றியோ முல்லைத் திணையின் ஆயர் வாழ்வு பற்றியோ எழுதினாற் பொருந்தும். மாட்டின் ஈரலைப் பற்றி எழுதுவதற்குக் கலைப்பீட மாணவனுக்கு என்ன தகுதி உண்டு என ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. யான் மிருக வைத்தியம் கற்பவன் அல்லன். ஆயின், நிரை கவர்ந்தவரையும் மீட்டவரையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியுள்ள நாம், அந்த நிரையிலே சினையுற்று நின்ற பசு ஒன்று எதைத் தின்றது என்று கேட்டதுண்டா? கேட்காமல் விட்டோம் என்பதே இக்கட்டுரை எழுதுவதற்கு யான் காட்டும் தகுதி.

நோயின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கில மருத்துவ நூல்கள் இதற்கு இட்டுள்ள பெயரைத் தமிழாக்கினால் 'சூற்கால நச்சேற்றம்' என்று வரும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாட்கள். அதன் கடைசி மூன்று மாதங்களில், சிறப்பாக ஈற்றுக்கு முந்திய இரு மாதங்களில், கன்றுத்தாய்ச்சியைப் பற்றும் நோய் இது. ஆடுகளில் இது மிகுதி. இரு குட்டி சுமக்கும் செம்மறிகளையே பெரிதும் பிடிப்பதால் ஆங்கில இடையர்கள் இதனை இரட்டைக்குட்டி நோய் என்றே அழைத்தனர். மாடுகளில் இது குறைவு; ஆனால் வந்துவிட்டாற் பிழைப்பது அரிது.

'நச்சு' என்னும் சொல் இங்கு செய்துள்ள தீங்கு சிறிதன்று. வெளியிலிருந்து எந்த நஞ்சும் அப்பசுவினுள் நுழையவில்லை. தின்னக்கூடாத செடியை அது தின்னவில்லை, பாம்பு தீண்டவில்லை, எவரும் எதனையும் வைக்கவில்லை. வயிற்றுக் கன்று கேட்ட அளவுக்குத் தாய்க்கு உணவு கிடைக்கவில்லை என்பதே நோயின் முழு வரலாறு. தன் உடம்பையே கரைத்துக் கன்றுக்குக் கொடுக்க முயன்ற தாய், கரைத்த கொழுப்பை எரித்து முடிக்க மாட்டாமல் விழுகின்றது. இதற்குப் பசி என்று பெயரிட்டிருந்தால், பசிக்கவிட்டவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்திருக்கும். நச்சு என்று பெயரிட்டதால், நஞ்சு வைத்தவன் யார் என்ற கேள்வி எழுகின்றது.

இது சொற்சிலம்பம் என்று கருதுவோருக்கு எமது வீட்டில் நடந்ததைக் கூறுகின்றேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில், 2009இன் பின் மீளக் குடியேறிய கிராமம் ஒன்று எமது ஊர். தந்தை இல்லாத வீடு. மீள்குடியேற்ற உதவியாகக் கிடைத்த ஒரு நாகின் வழிவந்த ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்றே எமது நிரந்தர வருமானம். காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு ஏழு லீற்றர் கறந்தது. யான் உயர்தரம் கற்றதும், பல்கலைக்கழகத்திற்குப் பெட்டியுடன் வந்ததும் அந்தப் பாலினால். பசு நீண்ட நாட்கள் சினைப்படாமல் இருந்து, 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலே சினைப்பட்டது. கறவை நீண்டு பால் குறைந்துகொண்டு வந்த அம்மாதங்களில் மாடு நன்றாகவே கொழுத்திருந்தது. சிறுபோகம் வெட்டிய வயல்களில் மேய்ச்சலுக்குக் குறைவில்லை. முதுகெலும்பு தெரியாமற் புட்டம் உருண்டு நின்ற மாட்டைப் பார்த்து அயலவர்கள் வியந்தனர். அம்மாவும் பெருமைப்பட்டார். அந்தக் கொழுப்பே எமனாகும் என்று அங்கு எவருக்கும் தெரியாது.

ஏழாம் மாதத்தில் பால் மறுக்கப்பட்டது. அது சரியான செயலே. ஈற்றுக்கு இரு மாதம் முன்னர் கறவையை நிறுத்தவேண்டும் என்றே எல்லாரும் கூறுவர். கறவையோடு சேர்ந்து தீனியும் நின்றது என்பதுதான் பிழை. அந்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நினைவில் வைத்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். நாம் வாங்கிய தேங்காய்ப் புண்ணாக்கின் விலை ஒரே ஆண்டில் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. பால் நிலையத்துப் பணம் நின்றுவிட்ட மாதத்தில் புண்ணாக்குக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதே வேளையில் காலபோக விதைப்புத் தொடங்கியது. வயல்களுக்குள் மாடு இறங்க முடியாது. மழை வெள்ளம் நின்ற வளவின் மூலையிலே பசு கட்டையிற் கட்டப்பட்டது. அதன் முன் கிடந்தது நனைந்த வைக்கோல்.

கார்த்திகை மாதக் கடைசியில் மாடு தனித்து நின்றது. வைக்கப்பட்டதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. எப்பொழுதும் நாக்கினால் நக்கி ஈரமாக வைத்திருக்கும் மூக்கு உலர்ந்து செதில் பிடித்தது. சாணம் குறைந்து, உருண்டையாக இறுகி, சளி படிந்து வந்தது. மூச்சிலே பழுத்து அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை வீசுவதாக அம்மா தொலைபேசியிற் சொன்னார். நாவூறு என்று ஒருவர் மிளகாய் சுற்றினார். இன்னொருவர் விலாவிற் சூடு வைத்தார். மூன்றாமவர், வேலித் தகராறு உள்ள அடுத்த வளவைச் சாடையாகக் காட்டி, "ஆர் என்ன வைச்சினமோ" என்றார். ஏழாம் நாள் மாடு விழுந்தது. விழுந்த பின்னும் தலையை நிமிர்த்தி, கண்களை விழித்து, வருவோர் போவோரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

எரிபொருள் பங்கீட்டில் இருந்த காலம். மிருக வைத்தியர் வந்து சேர்ந்தது அதற்கும் அடுத்த நாள். அவர் நல்ல மனிதர். வந்தவுடன் நோயை அறிந்துகொண்டார். ஈன்றவுடன் வரும் பாற்காய்ச்சல் போலத் தோன்றினாலும் இது அதுவன்று, கல்சியம் ஏற்றினால் எழும்பாது என்றார். நரம்பு வழியாகக் குளுக்கோசு ஏற்றினார். நாட்கள் முன்னர் அழைத்திருந்தால் வாய்வழி மருந்து கொடுத்து, தேவையாயின் ஈற்றை முன்கூட்டியே வரச்செய்தோ வயிற்றைக் கீறிக் கன்றை எடுத்தோ தாயைக் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்றார். பின்னர் அம்மாவைப் பார்த்து, "பால் வத்தினவுடனை சாப்பாட்டைக் குறைச்சுப் போட்டியளோ அம்மா?" என்று கேட்டார்.

"பால் தராத மாட்டுக்கு ஆர் ஐயா காசு குடுத்துப் புண்ணாக்கு வேண்டிப் போடுவினம்?" என்று அம்மா திருப்பிக் கேட்டார்.

பசு நான்கு நாட்களின் பின் இறந்தது. வைத்தியர் வயிற்றைத் திறந்தபோது உள்ளே இரு கன்றுகள் இருந்தன. ஈரல் மஞ்சளாகி, வீங்கி, விரல் பட்டால் நொருங்கும் நிலையில் இருந்தது.

அந்த இரண்டு வினாக்களுக்கும் இடையிலேதான் இந்த நோய் இருக்கின்றது என்பது எனது வாதம். வைத்தியர் கேட்டது உடலியல். அம்மா கேட்டது பொருளியல். இரண்டும் சந்திக்காத வரைக்கும் பசுக்கள் விழுந்துகொண்டே இருக்கும்.

உடலியலை முதலில் நோக்குவோம். மனிதர் சோற்றிலிருந்து வெல்லத்தை நேரே பெறுவது போல மாடு பெறுவதில்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்து அமிலங்களாக்குகின்றன. அவற்றுள் புறொப்பியோனிக் அமிலத்தைக் கொண்டே ஈரல் பெரும்பகுதிக் குளுக்கோசை ஆக்குகின்றது. தானியமும் தவிடும் சேர்ந்த தீனியில் இந்த அமிலம் கூடுதலாக உண்டாகும். வெறும் வைக்கோலிற் குறைவு. கன்று தனது பிறப்பு நிறையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெறுவது கடைசி மூன்று மாதங்களிலேதான். அதன் முதன்மையான உணவு குளுக்கோசு. தாயின் குருதியில் வெல்லம் குறைந்தாலும் கரு தனது பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். அதே மாதங்களில் விரிந்த கருப்பை இரைப்பையை நெருக்குவதால், தாய் ஒரே வேளையில் உண்ணக்கூடிய அளவும் குறைகின்றது. அதாவது, எப்பொழுது தீனி சத்து மிக்கதாக இருக்கவேண்டுமோ, அப்பொழுதுதான் நாம் அதனை வைக்கோலாக்குகின்றோம். மாடுகள் இரட்டைக் கன்று சுமப்பது நூற்றுக்கு ஒன்று தொடக்கம் ஐந்து வரையே. சுமக்கும் பசுவுக்கோ இந்தத் தேவை இன்னும் பெருகிவிடும்.

போதாத வெல்லத்துக்கு ஈடாக உடற்கொழுப்புக் கரைந்து ஈரலுக்கு வருகின்றது. அளவோடு வந்தால் ஈரல் சமாளிக்கும். கொழுத்த மாட்டில், தீனி திடீரென நின்றால், அது வெள்ளம் போல வருகின்றது. ஈரல் அதனை முற்றாக எரிக்க மாட்டாமற் பாதியில் விடுகின்றது. அந்தப் பாதி எரிவின் விளைவுகளே கீற்றோன்கள். அவற்றுள் ஒன்றான அசற்றோனின் வாடையே அம்மா உணர்ந்த பழ வாடை. மீதிக் கொழுப்பு ஈரலிலேயே படிகின்றது. கீற்றோன் மிகுந்தால் மாட்டின் பசி மந்தித்துவிடுகின்றது. பசி மந்தித்தால் உண்பது குறைகின்றது. உண்பது குறைந்தால் இன்னும் கொழுப்புக் கரைகின்றது. பசியால் வந்த நோய் முதலிற் கொல்வது பசியையே என்பதுதான் இதன் கொடுமை. வைத்ததையும் தின்னாத மாட்டைப் பார்த்து, உணவில்லாமையால் வந்த நோய் இது என்று யார் நினைப்பர்? நாவூறு என்று நினைப்பதில் ஒரு தர்க்கம் இருக்கவே செய்கின்றது.

கொழுத்த மாட்டுக்கு மட்டுமே இது வரும் என்பதுமில்லை. மெலிந்த மாடு கரைப்பதற்குக் கொழுப்பும் இல்லாமல், தசையைக் கரைத்துக்கொண்டு விழுகின்றது. கொழுத்தது விரைவாகவும் மெலிந்தது மெதுவாகவும் ஒரே வாசலை அடைகின்றன. ஆகவே நோயைத் தடுக்கும் வழி ஒன்றே: பால் மறுக்கும்போது மாடு கொழுத்தும் மெலிந்தும் இல்லாத நடுவுடலில் இருத்தல் வேண்டும், அதன் பின் ஈனும் வரை தீனி குறையக்கூடாது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. விலாவையும் வாலடியையும் கையாற் தடவிப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை உடற்புள்ளி இடும் முறை உண்டு. மூன்றை அடுத்து நிற்பதே நல்லது. எழுதத் தெரியாத ஒருவரும் ஒரு மணி நேரத்திற் கற்றுக்கொள்ளலாம். எமது ஊரில் எவருக்கும் எவரும் அதைக் கற்பிக்கவில்லை.

இனிப் பொருளியல். பால் நிலையம் பாலை அளக்கின்றது. கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் அளக்கின்றது. அளவுக்கேற்பப் பணம் கொடுக்கின்றது. அதில் ஒரு குறையுமில்லை என்பர். ஆயின், அந்தப் பாலை உண்டாக்கிய உழைப்பில் இரு மாத உழைப்பு அளக்கப்படாமலே போகின்றது. வற்றிய காலத்துப் பசு ஒன்றும் செய்யாமல் நிற்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அப்பொழுதுதான் அது கன்றை ஆக்குகின்றது. அடுத்த கறவைக்கு மடியைப் புதுப்பிக்கின்றது. உற்பத்திக்கு முந்திய உற்பத்தி இது. அதற்குக் கூலி இல்லை. இலவச உழைப்பைப் பெற்றுக்கொண்டு, அதைச் செய்பவர்க்கு உணவையும் நிறுத்திவிடுகின்ற கணக்கு மாட்டுக்கு மட்டும் போடப்பட்டதன்று என்பதைச் சமூகவியல் கற்கும் நண்பர்களுக்கு யான் விளக்கவேண்டியதில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் ஒருத்தி நாட்கூலிக்குப் போக முடியாத மாதங்களில் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரிகின்றது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கடன் கொடுப்போரின் கணக்கும் இதுவே. பசு வாங்கக் கடன் உண்டு. கொட்டில் கட்டக் கடன் உண்டு. பால் நின்ற மாதங்களிலும் தவணை கட்டவேண்டும். ஆகவே புண்ணாக்குக்கு எஞ்சியிருக்கக்கூடிய சிறு தொகையும் தவணைக்குப் போகின்றது. எமது வீட்டில் அது தவணைக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். அந்த இரு மாதங்களில் புண்ணாக்கு வாங்காமல் மிச்சப்பட்ட பணம் விடுதியில் இருந்த எனக்கு வந்தது. எதற்கு வந்தது என்று யான் அப்பொழுது கேட்கவில்லை.

இங்கு ஒரு மறுப்பை எதிர்பார்க்கின்றேன். வறியவர்களிடம் வற்றிய மாட்டுக்கும் தீனி போடு என்பது அறிவுரைதானே, அதனால் என்ன பயன் என்பர். ஒப்புக்கொள்கின்றேன். "சாப்பாட்டைக் குறைச்சுப் போட்டியளோ" என்ற வினாவில் நியாயம் இருந்தது; ஆனால் அது தவறான முகவரிக்கு அனுப்பப்பட்ட வினா. அதனைப் பால் விலையை வகுப்போரிடமும், கடன் விதிகளை எழுதுவோரிடமும் கேட்டிருக்கவேண்டும். கறவைக் காலத்துப் பணத்தில் ஒரு சிறு பங்கைப் பிடித்து வைத்து, கறவை வற்றும் இரு மாதங்களில் தவிடாகவும் புண்ணாக்காகவும் திருப்பிக் கொடுப்பது பால் சேகரிக்கும் எந்தச் சங்கத்தாலும் முடியாத காரியமா? அத்தகைய ஒழுங்கு இருந்தால், மிருக வைத்தியரின் அறிவுரைக்கும் ஒரு கால் முளைக்கும்.

வறுமை என்று சொல்லிவிட்டுக் கையை விரிப்பதும் முழு உண்மையன்று. கிளிசிரியா வேலி எமது வளவைச் சுற்றி நின்றது. அதன் குழை புரதம் மிக்கது என்பதை அறிந்திருந்தால் வெட்டி வாடவைத்துப் போட்டிருக்கலாம். நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அதன் சத்துக் கூடுகின்றது என்பது 1980களிலேயே இந்நாட்டில் ஆராயப்பட்ட விடயம். அந்த அறிவு எமது வேலி வரை வந்து சேர நாற்பது ஆண்டுகள் போதவில்லை. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்ட பின், யூரியா என்ற சொல்லே கமக்காரருக்குப் பொன் என்ற சொல்லாயிற்று என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும்.

2022 டிசெம்பர் இரண்டாம் வாரத்தில், மண்டூஸ் புயலின்போது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் இறந்தன. பட்டிகள் கிடந்த இடங்களில் உடல்கள் வரிசையாகக் கிடந்ததைப் படங்களிற் கண்டோம். குளிரே காரணம் எனக் கூறப்பட்டது. எமது பசு இறந்ததும் அதே வாரத்தில். ஊரவர் அதனையும் குளிரின் கணக்கிற் சேர்த்துவிட்டனர். அயல் வளவோடு மீண்டும் பேச்சுத் தொடங்கியது என்ற அளவில் குளிருக்கு நன்றி. ஆனால் எமது பசு தீனி மறுத்தது புயலுக்குப் பத்து நாட்களுக்கு முன்னர். குளிர் அதற்கு வந்த கடைசிச் செலவு. நனைந்து காற்றில் நிற்கும் மாடு உடற்சூட்டைக் காக்கவே பெருமளவு சக்தியை எரிக்கின்றது. கன்றும் கேட்கின்றது, குளிரும் கேட்கின்றது, வைக்கோலோ கொடுப்பதில்லை. இறந்த ஆயிரத்தையும் இந்த நோயின் பெயரில் எழுத யான் துணியேன். குளிரில் விறைத்துச் செத்தவை பல. எனினும் காலபோக மாதங்களில் மேய்ச்சலின்றி மெலிந்து நிற்கும் மந்தையின் மேல் வந்த குளிரும், தின்று தேறிய மந்தையின் மேல் வந்த குளிரும் ஒன்றல்ல. புயலைக் குற்றவாளியாக்கிவிட்டால் மேய்ச்சலைப் பற்றிப் பேசவேண்டியதில்லை.

மேய்ச்சல் என்றால் நிலம். பட்டி மாடுகளுக்குப் புண்ணாக்கு வைப்பவர் இல்லை. அவற்றின் சினைக்காலத் தீனி முழுவதும் மேய்ச்சல் தரையே. மட்டக்களப்பில் வயல்கள் விதைக்கப்பட்டவுடன் பட்டிகள் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் கொண்டு செல்லப்படுவது நெடுங்கால வழக்கம். அத்தரைகளில் வெளியார் பயிர்செய்யத் தொடங்கியதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்ரெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கினர். அதனை நில உரிமைப் போராட்டம் என்றும் இன உரிமைப் போராட்டம் என்றும் எழுதினோம், இரண்டும் சரியே. அது கன்றுத்தாய்ச்சிகளின் கடைசி மூன்று மாதத் தீனிக்கான போராட்டமும் ஆகும் என்று நம்முள் எவரேனும் எழுதியிருந்தால், அந்தப் பண்ணையாளர்கள் தாம் அன்றாடம் காண்பதை நாமும் கண்டோம் என்று அறிந்திருப்பர்.

பசுவுக்குத் தெய்வப் பட்டம் சூட்டும் சமூகம் நாம். பட்டிப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை, நெற்றிக்குப் பொட்டு. யான் அவ்வழக்கத்தை இகழவில்லை. சிறுவயதில் விரும்பிச் செய்தவன். ஆயின் தைமாதத்து மாலைக்கும் கார்த்திகை மாதத்து நனைந்த வைக்கோலுக்கும் இடையில் உள்ள முரண்பாட்டை எந்தப் பிரசங்கியாரும் விளக்கிக் கேட்டதில்லை. கறக்கின்ற பசுவே கோமாதா. வற்றிய பசு வெறும் மாடு.

அரசின் நோக்கும் இதனின்று வேறுபட்டதன்று. பாலில் தன்னிறைவு காணவேண்டும் என்று கூறி அவுஸ்திரேலியாவிலிருந்து சினைப்பட்ட கலப்பின நாகுகள் கப்பலில் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டன. இருபதாயிரம் கறவை மாடுகளுக்கான திட்டத்தின்கீழ் 2017இல் முதற்தொகுதியாக ஏறத்தாழ ஐயாயிரம் வந்து பண்ணையாளருக்குப் பகிரப்பட்டன. அவற்றுட் பல நோயுற்றன, பல இறந்தன, சொல்லப்பட்ட பாலும் கறக்கவில்லை என்று பண்ணையாளர் முறையிட்டதை 2019இல் அவுஸ்திரேலியச் செய்தி நிறுவனங்களே வெளியிட்டன. காரணங்கள் பலவாறு கூறப்பட்டன. அவற்றுள் எது எவ்வளவு என்ற விவாதத்திற்குள் யான் புகவில்லை. எனக்கு வியப்பளிப்பது ஒன்றே. சினையுற்ற நாகை வாங்கியவர்கள் அதன் மடியை மட்டுமே வாங்கியதாக எண்ணினர். அந்த நாகு இறங்கிய நாள் முதல் ஈனும் நாள் வரை எதைத் தின்னும் என்பது திட்டத்தின் தலைப்பில் மட்டுமன்று, அது பற்றிய பேச்சிலும் இருக்கவில்லை. இத்தனை லீற்றர் என்ற எண்ணே எங்கும் ஒலித்தது.

கடைசியாக நம்மைப் பற்றி. இந்நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் பீடம் ஒன்றே உண்டு. அது பேராதனையில் உண்டு. அங்கு கற்பது ஆங்கிலத்தில். ஆங்கிலத்திற் கற்பதை யான் குறைகூறவில்லை. கற்ற பின் அது எந்த மொழியில் வளவுக்கு வருகின்றது என்பதே கேள்வி. எமது பசு இறந்த பின்னர் அலுவலகமொன்றில் இந்நோய் பற்றிய துண்டுப்பிரசுரம் கேட்டேன். கிடைத்தது வேறு ஒரு நோய் பற்றியது, அதுவும் சிங்களத்தில். அலுவலர் மன்னிப்புக் கேட்டார். தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டதாம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்கினார். கலைச்சொற்களுக்காகப் பல்லாண்டு உழைத்தார். அவரது பெயரை நாம் ஒவ்வொரு விழாவிலும் கூறுகின்றோம். தமிழில் மாட்டு வாகடம் என்றொரு நூல் வகையே முன்னர் இருந்தது என்பதையும் பெருமையுடன் கூறுகின்றோம். இவ்விரண்டு பெருமைகளுக்கும் இடையே, 'பால் வற்றியவுடன் தீனியைக் குறைக்காதே' என்ற நான்கு சொற்களைக் கிராமத்துக்குக் கொண்டு சேர்க்க எம்மால் இயலவில்லை. தமிழ்ச் சங்கங்கள் பேச்சுப் போட்டி நடத்துகின்றன, நாடகம் போடுகின்றன, மலர் வெளியிடுகின்றன. மிருக வைத்திய பீடத்திலே தமிழ் மாணவர்கள் கற்கின்றனர். கலைப்பீடத்திலே தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கின்றனர். இருசாராரும் ஒரு மாலைப் பொழுது ஒரே மேசையில் அமர்ந்தால் நான்கு பக்கப் பிரசுரம் ஒன்று உருவாகிவிடும். நச்சேற்றம் என்ற சொல்லை விடுத்து, 'சினைப்பசி' என்று அதற்குப் பெயரிடலாம் என்பது எனது முன்மொழிவு. மொழித்துறையார் இதனினும் நல்ல சொல் தருவராயின் ஏற்றுக்கொள்வேன். நஞ்சு அதில் இருக்கக்கூடாது என்பது மட்டுமே எனது நிபந்தனை.

அச்செலவுக்குச் சங்கத்தின் நிதியில் இடமில்லை என்று செயற்குழுவில் ஏற்கெனவே ஒருமுறை கூறப்பட்டுவிட்டது. இம்மலரின் அட்டைப்பட வர்ண அச்சுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்க இருக்கின்றேன்.

எமது வீட்டில் இப்பொழுது ஒரு நாகு நிற்கின்றது. கடனுக்கு வாங்கியது. ஏழு மாதச் சினை. மாதம் ஒருமுறை யான் போகும்போது விலாவைத் தடவிப் பார்த்துப் புள்ளி சொல்கின்றேன். அம்மா நம்பாமற் சிரிக்கின்றார், ஆனால் தவிடு வைக்கின்றார். கிளிசிரியா வேலி ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. அயல் வளவுக்காரர் தமது பக்கத்துக் குழையையும் வெட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கின்றார்.